காதலர் தினம் வீட்டுக்குள்ள: ஒரத்தநாட்டுல இருந்து ஆறு விளையாட்டு

(எபிசோடின் தொகுக்கப்பட்ட எழுத்து வடிவம். பேச்சில் திரும்பத் திரும்ப வந்த வரிகள் மட்டும் நீக்கப்பட்டுள்ளன.)

பிப்ரவரி 14-க்கு இன்னும் சில நாள்தான் இருக்கு. இந்த வாரம் நீங்க அனுப்பின வாய்ஸ் நோட்ல பாதிக்கு மேல ஒரே புலம்பல்தான். ரெஸ்டாரன்ட்ல அன்னிக்கு மட்டும் தனி மெனு, தனி விலை. ஒரு ரோஜா வாங்கற காசுக்கு சாதாரண நாள்ல ஒரு கொத்தே வாங்கலாம். ரெண்டு பேருக்கும் மறுநாள் காலையில ஆபீஸ். "வீட்லயே ஏதாவது பண்ணலாம்னா, பிரியாணி ஆர்டர் பண்ணிட்டு ஆளுக்கொரு போனைப் பார்த்துட்டு உட்கார்ந்திருக்கோம், அதுக்கு ஏதாவது வழி சொல்லுங்க"ன்னு ஒருத்தர் கேட்டிருந்தார். அந்தக் கேள்விக்குத்தான் இந்த எபிசோட்.

முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். மெழுகுவர்த்தி, சிவப்பு பலூன், இதய வடிவ கேக், இது எதுவும் இன்னிக்கு வராது. அதெல்லாம் வேணும்னா தாராளமா வெச்சுக்கோங்க, எனக்குச் சண்டை இல்ல. நான் வேற ஒரு கடைக்கு உங்களைக் கூட்டிட்டுப் போறேன். எங்க ஊர் ஒரத்தநாடு. தஞ்சாவூர்ல இருந்து பட்டுக்கோட்டை போற வழியில வரும். இந்த மண்ணுல காதலைக் கொண்டாட என்னென்ன வெச்சிருந்தாங்கன்னு பார்த்தா, காசு பெருசா செலவாகாத, சிரிப்புக்குக் குறையில்லாத சமாச்சாரம் நிறைய இருக்கு. அதுல இருந்து ஆறு விளையாட்டு எடுத்து வெச்சிருக்கேன். நடுவுல கொஞ்சம் சீரியஸாவும் பேச வேண்டியிருக்கு. அதையும் கேளுங்க.

ஒண்ணு: நடுராத்திரி மணி

ஒரத்தநாட்டுக்கு இன்னொரு பேர் உண்டு, தெரியுமா? முத்தம்பாள்புரம். முக்தாம்பாள்ங்கிற பேருதான் வாய்வழக்குல முத்தம்பாள் ஆயிருச்சு. யாரு இந்த அம்மா? தஞ்சாவூரை 1798-ல இருந்து 1832 வரைக்கும் ஆண்ட இரண்டாம் சரபோஜி மன்னரோட காதலி. கவனிங்க, ராணி இல்ல. முறைப்படி மணந்த மனைவிகள் வேற இருந்தாங்க. இவங்க மன்னர் மனசுக்குப் பிடிச்சவங்க, அவ்வளவுதான். சின்ன வயசுலயே இறந்து போறாங்க. சாகும்போது, "என் பேர்ல ஒரு அன்னசத்திரம் கட்டுங்க"ன்னு கேட்டுக்கிட்டதா சொல்வாங்க. 1800-களோட தொடக்கத்துல மன்னர் கட்டின அந்தச் சத்திரம்தான் ஒரத்தநாட்டு முக்தாம்பாள் சத்திரம்.

தஞ்சாவூர்ல இருந்து ராமேஸ்வரம் போற யாத்திரை வழி நெடுக மராட்டிய மன்னர்கள் இப்படிச் சத்திரங்கள் கட்டினாங்க. பலதுக்கும் அரச குடும்பத்துப் பெண்களோட பேர். அங்க என்ன நடந்ததுன்னு சரபோஜியே 1801-ல கம்பெனிக்காரங்களுக்குக் கடிதம் எழுதியிருக்கார். இந்தச் சாதி, அந்தச் சாதின்னு பார்க்காம வர்ற எல்லாருக்கும் சாப்பாடு. சமைச்ச சோறு சாப்பிடாதவங்களுக்கு அரிசியும் மளிகையும். நோயாளிக்கு வைத்தியம், பச்சைக் குழந்தைக்குப் பால், அநாதைப் பிள்ளைங்களுக்குப் படிப்பு. அந்தக் கடிதத்துல எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் இதுதான்: ராத்திரி பன்னெண்டு மணிக்கு ஒரு மணி அடிப்பாங்க. "இன்னும் சாப்பிடாதவங்க யாராவது இருந்தா வாங்க"ன்னு கூப்பிடுவாங்க. அதுக்கப்புறம்தான் அடுப்பு அணையும்.

தாஜ்மகால் பத்தி எல்லாருக்கும் தெரியும். அங்க போனா ஒரு சமாதியைப் பார்க்கலாம். எங்க ஊர்ல ஒரு காதலியோட ஞாபகத்துக்கு ஊருக்கே இலை போட்டிருக்காங்க. எது பெருசுன்னு நான் தீர்ப்புச் சொல்லல. பசியோட வர்றவனுக்கு எது பிடிக்கும்னு உங்களுக்கே தெரியும்.

இப்ப விளையாட்டுக்கு வருவோம். ஐடி ஷிப்ட், ஆஸ்பத்திரி டியூட்டி, டெலிவரி வேலைன்னு உங்க ரெண்டு பேர்ல ஒருத்தர் லேட்டாத்தான் வருவீங்க. அன்னிக்கு முதல்ல வீடு வந்தவங்கதான் சத்திரத்து மேனேஜர். மற்றவங்க உள்ள நுழைஞ்ச உடனே டம்ளர்ல கரண்டியால மணி அடிக்கணும். "இன்னும் சாப்பிடாத யாத்ரீகர் யாராவது உண்டா?"ன்னு சத்தமாக் கேட்கணும். வந்தவங்க தன்னோட ஊர், பேர், எங்கேர்ந்து நடந்து வர்றாங்கன்னு சொல்லணும். "டைடல் பார்க்ல இருந்து வர்றேன் ஐயா, ரெண்டு மீட்டிங் தாண்டி வந்தேன்"னு சொல்லலாம். அதுக்கப்புறம்தான் தட்டு வரும். ரசம் சாதம், அப்பளம் போதும். ஒரே ஒரு விதி. மேனேஜர் முன்னாடியே சாப்பிட்டு முடிச்சிருக்கக் கூடாது.

ரெண்டு: எரிஞ்ச கட்சி, எரியாத கட்சி

காதலர் தினம் வெளிநாட்டு இறக்குமதின்னு வருஷா வருஷம் யாராவது ஒருத்தர் டிவியில சண்டை போடுவாங்க. அட்டை, ரோஜா, டெட்டி பியர் எல்லாம் 1990-கள்ல வந்த இறக்குமதிதான், உண்மை. 1999-ல 'காதலர் தினம்'ங்கிற பேர்லயே படம் வந்து, ரஹ்மான் பாட்டால அந்த வார்த்தை பட்டிதொட்டி எல்லாம் போயிருச்சு. ஆனா காதல் கடவுளுக்குத் திருவிழா எடுக்கிறது டெல்டாவுக்குப் புதுசு இல்ல.

காமன் பண்டிகைன்னு கேள்விப்பட்டிருக்கீங்களா? மாசி அமாவாசை முடிஞ்சு வளர்பிறையில ஊர்ப் பொது இடத்துல காமனை நட்டு, பௌர்ணமி வாக்குல எரிப்பாங்க. கதை இதுதான்: தவத்துல இருந்த சிவன்மேல மன்மதன் பூ அம்பு விட்டான். சிவன் நெற்றிக்கண்ணைத் திறந்தார், மன்மதன் சாம்பல். ரதி அழுது கெஞ்சினதுல அவனுக்கு உயிர் திரும்பி வருது. ஒரே ஒரு நிபந்தனை, ரதி கண்ணுக்கு மட்டும்தான் அவன் தெரிவான். காமனை எரிச்ச தலம்னு சொல்ற திருக்குறுக்கையும் மயிலாடுதுறைப் பக்கம்தான் இருக்கு. பிப்ரவரி 14 வர்றப்போ மாசி பொறந்து ஒண்ணு ரெண்டு நாள்தான் ஆகியிருக்கும். அதனால ரெண்டும் கிட்டத்தட்ட பக்கத்து வீட்டுத் திருவிழா மாதிரி.

இந்தப் பண்டிகையில உயிர்நாடி லாவணி. மராட்டியர் காலத்துல தஞ்சாவூருக்கு வந்த பாட்டு வடிவம். ரெண்டு கோஷ்டி எதிரெதிரா உட்கார்ந்துக்கும். ஒரு கோஷ்டி "காமன் எரிஞ்சுட்டான்"னு பாடும். இன்னொண்ணு "எரியவே இல்ல"ன்னு பாடும். எரிஞ்ச கட்சி, எரியாத கட்சி. கேள்வி கேட்கணும், பதில் சொல்லணும், எதிர்க்கேள்வி போடணும், எல்லாம் பாட்டுலயே. விடிய விடிய நடக்கும். எங்க தாத்தா தீவிர எரியாத கட்சி. வீட்ல பாட்டி எரிஞ்ச கட்சி. மாசி மாசம் முழுக்க வீட்டுக்குள்ள சோறு போடறப்பவும் விவாதம் ஓடுமாம்.

யோசிச்சுப் பாருங்க, ஒரு காதல் திருவிழாவோட மையத்துலயே ஒரு வாக்குவாதத்தை வெச்சிருக்காங்க. கல்யாணமாகி ரெண்டு வருஷம் ஆன யாருக்கும் இதோட அருமை புரியும்.

ஆக, ரெண்டாவது விளையாட்டு வீட்டு லாவணி. உங்க வீட்ல தீராத சின்னச் சண்டை ஒண்ணை எடுங்க. ஃபேன் மூணுல ஓடணுமா, அஞ்சுலயா? துண்டைக் கட்டில்மேல போடலாமா? சாம்பார்ல வெல்லம் போடலாமா? சீட்டுக் குலுக்கிக் கட்சியைப் பிரிங்க. இங்கதான் சுவாரஸ்யம்: உங்க கட்சி எதுன்னு சீட்டுதான் முடிவு பண்ணும். எப்பவும் ஃபேனை அஞ்சுல வைக்கிறவங்க, "மூணுதான் சரி"ன்னு பாட வேண்டி வரலாம். மெட்டு உங்க இஷ்டம். தாளத்துக்குச் சாதக் குண்டானைத் தட்டுங்க. ஆளுக்கு நாலு சுற்று. சிரிச்சவங்க தோத்தவங்க. தோத்தவங்க காபி போடணும்.

ஒரு எச்சரிக்கை. பணம், மாமியார், பழைய காதல், இந்த மூணும் லாவணிக்கு ஆகாது. அதை வேற ஒரு நாள் விளக்கைப் போட்டு உட்கார்ந்து நிதானமாப் பேசுங்க.

மூணு: நலங்கு, ரெண்டாவது தடவை

கல்யாண வீட்ல நலங்கு பார்த்திருப்பீங்க. எல்லா வீட்லயும் ஒரே மாதிரி இருக்காது. சில குடும்பங்கள்ல பொண்ணும் மாப்பிள்ளையும் எதிரெதிரா உட்கார்ந்து தேங்காய் உருட்டுவாங்க, அப்பளத்தை ஒருத்தர் தலைக்கு மேல ஒருத்தர் சுத்தி நொறுக்குவாங்க, சீப்பு கண்ணாடி காட்டுவாங்க. வேற பல வீடுகள்ல குடத்துத் தண்ணிக்குள்ள மோதிரத்தைப் போட்டு ரெண்டு பேரையும் துழாவ விடுவாங்க. சுத்தி நின்னு சொந்தக்காரங்க கத்துவாங்க.

இதை யாரு கண்டுபிடிச்சாங்கன்னு தெரியல, ஆனா கெட்டிக்காரங்க. அன்னிக்குக் காலையிலதான் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் சரியாப் பார்த்திருப்பாங்க. பேசக்கூடக் கூச்சம். அப்படிப்பட்ட ரெண்டு பேரோட கையை ஒரே குடத்துக்குள்ள விட்டு, "தேடுங்க"ன்னு சொன்னா, கை படாம எப்படித் தேடறது? குடத்தோட வாய் சின்னதா இருக்கிறதே அதுக்குத்தான். ஊரே பார்க்குது, ஆனா குடத்துக்குள்ள நடக்கிறது யாருக்கும் தெரியாது.

நம்ம ஊர்க் கல்யாணத்துல இப்ப போட்டோகிராபர் சொல்றபடி போஸ் கொடுக்கிறதுலயே நேரம் போயிருது. நலங்கைப் பத்து நிமிஷத்துல முடிச்சிருப்பாங்க. அதனால வீட்ல இன்னொரு தடவை ஆடுங்க. கல்யாணம் ஆகாதவங்களும் ஆடலாம், பஞ்சாங்கம் யாரும் கேட்க மாட்டாங்க.

குடம் இல்லாட்டி வாய் குறுகலான ஜாடியோ சின்னக் குக்கரோ போதும். தண்ணியில ஒரு ஸ்பூன் மஞ்சத்தூள் போட்டுக் கலக்குங்க, உள்ள இருக்கிறது தெரியக்கூடாது. தங்க மோதிரம் வேணாம், சாவி வளையம் போதும். அதே அளவுல இன்னும் மூணு பொருள் போடுங்க: ஒரு ரூபாய்க் காசு, பொத்தான், புளியங்கொட்டை. ஆளுக்கு ஒரு கைதான். மூணு சுற்று. ஜெயிச்சவங்களுக்கு அந்த வார ரிமோட். அப்பளம் உடைக்கிறது கடைசியில. பொரிச்ச அப்பளம்னா எண்ணெய் தலையில ஒட்டும், சுட்ட அப்பளம் எடுத்துக்கோங்க. உடைச்சவங்கதான் வீட்டைக் கூட்டணும்னு முன்னாடியே பேசிக்கோங்க, இல்லாட்டி அது தனி லாவணியா மாறிடும்.

நாலு: கதம்பமும் அசோகாவும்

பிப்ரவரி முதல் வாரத்துல ஓசூர்ல இருந்து ரோஜா பெட்டி பெட்டியா விமானம் ஏறும், வெளிநாட்டு ஆர்டருக்கு. நம்ம ஊர்க் கடையிலயும் விலை ஏறும். மல்லிக்கும் இது சீசன் இல்ல. பனிக்காலத்துல விளைச்சல் குறைவு, விலை கையைச் சுடும். அப்ப என்ன பண்றது? தஞ்சாவூர்க்காரங்ககிட்ட பதில் இருக்கு. கதம்பம். எந்தப் பூ கிடைக்குதோ அதைக் கொஞ்சம் கொஞ்சம் எடுத்து, பச்சைக்கு மரிக்கொழுந்து சேர்த்து, நெருக்கமாத் தொடுக்கிறது. தனித்தனியாப் பார்த்தா ரெண்டு மூணு பூதான். சேர்த்தா வீடு மணக்கும்.

பூக்காரம்மாகிட்ட உதிரிப்பூ இருபது முப்பது ரூபாய்க்கு வாங்குங்க. கொஞ்சம் வாழைநாரும் கேளுங்க, சும்மாவே கொடுப்பாங்க. ரெண்டு பேரும் உட்கார்ந்து ஆளுக்கு ஒரு முழம் தொடுங்க. யூடியூப் பார்த்துக்கலாம். பசங்க தொடுத்த பூச்சரம் எலி கடிச்ச மாதிரிதான் வரும். அதைத்தான் தலையில வெச்சுக்கணும், அதுதான் போட்டி. தலைமுடி இல்லாதவங்க மணிக்கட்டுல கட்டிக்கோங்க.

இனிப்புக்குத் திருவையாறு அசோகா. கேக்கை விடச் சுலபம். ஒரு கப் பாசிப்பருப்பை வாசம் வர்ற வரைக்கும் வறுத்து, மூணு கப் தண்ணி விட்டுக் குக்கர்ல குழைய வேக வைங்க. நல்லா மசிச்சுக்கோங்க. கால் கப் கோதுமை மாவை நெய்யில வறுத்து, பருப்பு மசியலைச் சேர்த்து, கட்டி தட்டாமக் கிளறுங்க. ஒன்றரை கப் சர்க்கரை, ஒரு சிட்டிகை கேசரிப் பவுடர், இடையிடையே நெய். ஓரத்துல நெய் பிரிஞ்சு, கரண்டியில ஒட்டாம வந்தா இறக்கலாம். ஏலக்காய், நெய்யில வறுத்த முந்திரி. கிளறுறது ஒருத்தர், நெய் விடறது இன்னொருத்தர். கிளறுறவங்க "போதும்"னு சொல்ற வரைக்கும் நெய் விடணும்னு ஒரு வழக்கம் எங்க வீட்ல உண்டு. அந்த "போதும்" வர நேரமாகும்.

சாப்பிட்டு முடிச்சதும் வெத்தலை. கும்பகோணம் வெத்தலைக்கு 2025-ல புவிசார் குறியீடு கூடக் கிடைச்சிருக்கு. காம்பைக் கிள்ளி, சுண்ணாம்பை லேசாத் தடவி, பாக்குக்குப் பதிலாக் கொஞ்சம் தேங்காய்த் துருவலும் கல்கண்டும் வெச்சு மடிச்சு, ஒருத்தர் வாயில ஒருத்தர் கொடுங்க. நாக்கு யாருக்கு அதிகமாச் செவந்திருக்கோ அவங்களுக்குத்தான் பாசம் அதிகம்னு சொல்வாங்க. சுண்ணாம்பு, பாக்கு ரெண்டும் சேர்ந்தாத்தான் செவக்கும், பாக்கு இல்லாட்டி செவக்காது. அதனால ரெண்டு பேரும் தோத்துருவீங்க, சண்டை இல்ல.

அஞ்சு: காலி டப்பா திரும்பக் கூடாது

பிப்ரவரி 14 அன்னிக்கு ஒரத்தநாட்டுப் பக்கம் நிஜமா என்ன நடக்கும்னு சொல்றேன். மேட்டூர் அணை வழக்கமா ஜூன் 12 திறந்து ஜனவரி 28 மூடுவாங்க. கல்லணைக் கால்வாய்ல, எங்க ஊர்ப் பேச்சுல புது ஆத்துல, தண்ணி வடிஞ்சிருக்கும். சம்பா அறுப்பு நடந்துட்டிருக்கும். அறுத்த நெல்லைக் கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுபோய்க் குவிச்சுட்டு, முறை வர்ற வரைக்கும் காத்திருக்கணும். ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினா எடுக்க மாட்டாங்க, திரும்பவும் காய வைக்கணும். மாசிப் பனி வேற. ராத்திரி தார்ப்பாயைப் போர்த்திட்டு நெல்லுக்குப் பக்கத்துலயே படுக்கணும்.

எங்க அப்பா பல காதலர் தினத்தை நெல் குவியலுக்குப் பக்கத்துலதான் கழிச்சிருக்கார். அப்படி ஒரு தினம் இருக்கிறதே அவருக்குத் தெரியாது. அம்மா ராத்திரிச் சாப்பாட்டைத் தூக்குல போட்டு என்கிட்டயோ தம்பிகிட்டயோ கொடுத்து அனுப்புவாங்க. கீழ சோறு, மேல குழம்பு, மூடியில ஒரு துண்டு நாரத்தங்காய் ஊறுகாய். அப்பா சாப்பிட்டுத் தூக்கைக் கழுவித் திருப்பிக் கொடுப்பார். அந்தத் தூக்கு ஒருநாளும் காலியா வந்தது இல்ல. டீக்கடைப் பக்கோடா ஒரு பொட்டலம் இருக்கும். ஒருநாள் நாலு நெல்லிக்காய். காசு சுத்தமா இல்லாத நாள்ல, வரப்போரம் பறிச்ச ஒரு கைப்பிடிக் கீரை. அம்மா தூக்கைத் திறக்கிறதுக்கு முன்னாடி லேசாக் குலுக்கிப் பார்ப்பாங்க. அதைப் பார்த்துத்தான் நான் வளர்ந்தேன்.

எங்க வீட்ல 'ஐ லவ் யூ'ன்னு யாரும் சொன்னது இல்ல. அந்தத் தூக்கு போயிட்டு வந்துட்டு இருந்துச்சு.

இந்த விளையாட்டு ஒரு ராத்திரிக்கானது இல்ல, பிப்ரவரி முழுக்க ஆடலாம். லஞ்ச் டப்பா கொண்டு போறவங்க அதைக் காலியாத் திருப்பிக் கொண்டு வரக் கூடாது. கேன்டீன் பிஸ்கட் பாதி, பஸ் டிக்கெட்டுக்குப் பின்னாடி எழுதின ஒரு வரி, மரத்தடியில பொறுக்கின ஒரு பூ, எதுவானாலும் சரி. பத்து ரூபாய்க்கு மேல செலவு பண்ணினா அன்னிக்குத் தோல்வி. ஒரு மாசம் கழிச்சு எது பெஸ்ட்னு ரெண்டு பேரும் ஓட்டுப் போடுங்க. ஜப்பான்ல பிப்ரவரி 14 பெண்கள் சாக்லேட் கொடுப்பாங்க, ஆண்கள் திருப்பிக் கொடுக்க மார்ச் 14 வரைக்கும் டைம் உண்டு. எங்க அப்பாவுக்கு அவ்வளவு டைம் கிடையாது, அரை மணி நேரம்தான்.

கொஞ்சம் நிதானமா ஒரு விஷயம்

இவ்வளவு நேரம் "வீட்ல கொண்டாடுங்க, வீட்ல கொண்டாடுங்க"ன்னு சொல்லிட்டு இருக்கேன். ஆனா இதைக் கேட்கிற சிலருக்கு வீடுதான் பயமே. அதைப் பேசாம இந்த எபிசோடை முடிச்சா நேர்மையா இருக்காது.

நானும் என் கணவனும் வேற வேற சாதி. ஒரே கல்லூரி இல்ல, ஒரே ஊரும் இல்ல, தஞ்சாவூர் புது பஸ் ஸ்டாண்டுல ஆரம்பிச்ச கதை. கல்யாணம் பண்ணிக்கிட்ட முதல் வருஷம் சென்னையில எங்க அட்ரஸ் மூணு பேருக்குத்தான் தெரியும். அந்த வருஷக் காதலர் தினத்தை நாங்க வீட்லதான் கொண்டாடினோம். பீச்சுக்குப் போனா ஊர்க்காரங்க யாராவது பார்த்துருவாங்களோன்னு ஜன்னலைச் சாத்திட்டு, ஒரே அறையில, ஸ்டூல் மேல அசோகா வெச்சுச் சாப்பிட்டோம். இன்னிக்குச் சொல்றப்போ அழகாத்தான் இருக்கு. அன்னிக்கு மாடிப்படியில காலடிச் சத்தம் கேட்டா ரெண்டு பேரும் பேச்சை நிறுத்திருவோம்.

அது வீணான பயம்னு யாரும் சொல்ல முடியாது. சாதி தாண்டிக் கல்யாணம் பண்ணினதுக்காகப் பெத்த பிள்ளையையே கொல்ற செய்தி நம்ம மாநிலத்துல இன்னும் வருது. எங்க டெல்டாவுலயும் வந்திருக்கு. சத்திரத்துல சாதி பார்க்காம இலை போட்டதைப் பெருமையாச் சொல்ற ஊர்லதான் இதுவும் நடக்குது. ரெண்டையும் சேர்த்துத்தான் நான் எங்க ஊரைப் பத்திச் சொல்ல முடியும்.

அதனால தெரிஞ்சு வெச்சுக்க வேண்டியதை மட்டும் சுருக்கமாச் சொல்றேன். 2018-ல சக்தி வாஹினி வழக்குல உச்ச நீதிமன்றம் தெளிவாச் சொல்லிடுச்சு: வயசு வந்த ரெண்டு பேர் சம்மதிச்சுப் பண்ற கல்யாணத்துக்குக் குடும்பமோ, ஊரோ, சாதியோ அனுமதி கொடுக்க வேண்டியதில்லை. மிரட்டல் இருந்தாப் பாதுகாப்புக் கொடுக்கிறது அரசோட கடமை, அதுக்கு மாவட்டம்தோறும் சிறப்புப் பிரிவு வேணும்னும் உத்தரவு போட்டிருக்கு. அவசரம்னா 112. பெண்களுக்கு 181. மதம் வேறன்னா 1954-ம் வருஷச் சிறப்புத் திருமணச் சட்டம் இருக்கு, அதுல 30 நாள் நோட்டீஸ் உண்டு. அந்த முப்பது நாளைப் பத்திரமாக் கடக்க முன்கூட்டியே ஒரு வக்கீலைப் பாருங்க. தனியா எந்த முடிவும் எடுக்காதீங்க, நம்பிக்கையான ஒரு ஆள்கிட்டயாவது நீங்க எங்க இருக்கீங்கன்னு சொல்லி வைங்க.

ஆறு: ஒரே ஒரு வாக்கியம்

சுயமரியாதைத் திருமணத்தைச் சட்டப்படி செல்ல வெச்சது அண்ணா ஆட்சி. 1967-ல சட்டமன்றத்துல நிறைவேறி, 1968-ல நடைமுறைக்கு வந்துச்சு. இந்து திருமணச் சட்டத்துல 7ஏன்னு ஒரு பிரிவு, தமிழ்நாடு சேர்த்தது. அதைப் படிச்சுப் பார்த்தா ஆச்சரியமா இருக்கும். புரோகிதர் வேணாம், நெருப்பு வேணாம். உறவினரோ நண்பரோ வேற யாரோ முன்னாடி, ரெண்டு பேருக்கும் புரியற மொழியில, "உன்னை என் துணையா ஏத்துக்கறேன்"னு சொல்லணும். இல்லாட்டி மாலை மாத்திக்கலாம், மோதிரம் போட்டுக்கலாம், தாலி கட்டிக்கலாம். வக்கீல் அலுவலகத்துல நடந்தாலும் செல்லும்னு 2023-ல உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கு. அப்புறம் மறக்காமப் பதிவு பண்ணிடணும், தமிழ்நாட்டுல அது கட்டாயம்.

நாங்க அப்படித்தான் பண்ணிக்கிட்டோம். "புரியற மொழியில"ங்கிற அந்த வார்த்தைதான் எனக்குப் பிடிச்சது. கடைசி விளையாட்டு அதுல இருந்துதான் வந்துச்சு. ஒவ்வொரு பிப்ரவரி 14-ம் ராத்திரி அந்த வாக்கியத்தைத் திரும்பச் சொல்லணும். ஆனா போன வருஷம் சொன்ன மாதிரி சொல்லக் கூடாது. அந்த வருஷத்துல நடந்த ஒரு நிஜ விஷயம் அதுல இருக்கணும். "குறட்டை விடறதை ஒத்துக்காத உன்னைத் துணையா ஏத்துக்கறேன்." "எங்க அம்மா போன் பண்ணினா எழுந்து நிக்கிற உன்னை ஏத்துக்கறேன்." "வேலை போன மூணு மாசம் என்கிட்ட கணக்குக் கேட்காத உன்னை ஏத்துக்கறேன்." சாட்சிக்கு யாரும் இல்லாட்டி பக்கத்து வீட்டுக்காரங்களைக் கூப்பிடுங்க. ஒரு கிண்ணம் அசோகா கொடுத்தா யாரும் சாட்சிக்கு வருவாங்க.

எங்க வீட்டு விஷயம் என்ன ஆச்சுன்னு கேட்பீங்க. மூணாவது வருஷம் பங்குனியில, உளுந்து எடுத்த கையோட அம்மா பஸ்ல ஒரு மூட்டை போட்டு விட்டாங்க. போன் இல்ல, சீட்டு இல்ல. தம்பி மட்டும் பஸ் நம்பரை மெசேஜ் பண்ணினான். கோயம்பேட்டுல போய் எடுத்துட்டு வந்து பிரிச்சா அஞ்சு கிலோ புது உளுந்து. என் கணவன் எடை பார்த்துட்டுக் கேட்டான், "ஒரு ஆளுக்கு அஞ்சு கிலோ அனுப்புவாங்களா?" அனுப்ப மாட்டாங்க. எங்க அம்மா கணக்குல ரொம்பக் கறார். அந்த வாரம் முழுக்க இட்லி, வடை, உளுத்தங்களிதான். மூட்டையைத் திருப்பி அனுப்பறப்போ காலியா அனுப்பல, கதம்பம் வாடிரும்னு ஒரு டப்பா அசோகா வெச்சோம். அதுக்கப்புறம் மூட்டை போயிட்டு வந்துட்டு இருக்கு.

சரி மக்களே, இந்த ஆறுல எதை ஆடினீங்கன்னு வாய்ஸ் நோட் அனுப்புங்க. குறிப்பா வீட்டு லாவணி பாடினவங்க ரெக்கார்ட் பண்ணி அனுப்பினா, ரெண்டு பேரோட சம்மதத்தோட அடுத்த எபிசோட்ல போடறேன். தனியா இருக்கிறவங்களும் ஆடலாம். பின்லாந்துல இந்த நாளை நண்பர்கள் தினமாத்தான் கொண்டாடறாங்க, ரூம்மேட்டுக்கு மணி அடிச்சு ரசம் சாதம் போடறதை யாரும் தடுக்கப் போறது இல்ல. அடுத்த வாரம் பார்ப்போம். போய்ப் பாசிப்பருப்பு இருக்கான்னு டப்பாவைத் திறந்து பாருங்க.